கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால்

ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, அதன்மேல் கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். சில மாதம் புழங்கிய கீபோர்டு என்றால் தாளில் ஒரு சிறு கண்காட்சியே கூடிவிடும். முறுக்குத் தூள், உடைந்த ஓமப்பொடி, சுருண்ட தலைமுடி, கடித்துத் துப்பிய நகத்துணுக்கு, உருண்டை கட்டிய சாம்பல் நிறத் தூசி, கூடவே காய்ந்துபோன ஓர் எறும்பு. அந்தச் சாம்பல் தூசியில் துணி நாரும் தெருமண்ணும் உண்டு. நம் தோலிலிருந்து ஓயாமல் உதிரும் செதில்களும் உண்டு.

தாளில் விழுந்தது உலர்ந்த அழுக்கு மட்டும். விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை இன்னும் இரண்டு. ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு. தோல் சுரக்கும் எண்ணெய், வியர்வை, கைக்குப் பூசிய கிரீம், தலையைக் கோதிய விரலில் வந்த தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்ந்து விசைகளின் மேல் ஒரு படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்னொன்று சர்க்கரை. டீயோ காபியோ குளிர்பானமோ ஒரு சொட்டுத் தெறித்தாலும், தண்ணீர் ஆவியான பின் சர்க்கரை பாகாக இறுகி விசையைப் பிடித்துக்கொள்ளும். எறும்பு வந்ததும் அதைத் தேடித்தான்.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உலர்ந்ததை உதறியும் பிரஷ்ஷால் தள்ளியும் எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் அது சேறாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீருக்கு அசையாது. சோப்போ ஆல்கஹாலோ வேண்டும். சர்க்கரை அதற்கு நேர்மாறு. தூய ஆல்கஹாலில் அது கரைய மறுக்கும், தண்ணீரில் உடனே கரையும். என்ன அழுக்கு, அது எந்த வகைக் கீபோர்டில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ஈரத்துணியோடு தொடங்கினால், அழுக்கு செய்யாத கெடுதலைத் துடைக்கிற கை செய்துவிடும்.

கழிப்பறைக் கணக்கு

கீபோர்டில் கழிப்பறை இருக்கையைவிடக் கிருமி அதிகம் என்று அவ்வப்போது செய்தி வரும். அதன் மூலங்களில் ஒன்று, அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா 2002இல் வெளியிட்ட அலுவலக ஆய்வு. ஒரு சதுர அங்குலத்தில் கீபோர்டில் 3,295 நுண்ணுயிரிகள், கழிப்பறை இருக்கையில் 49 என்றது அந்தக் கணக்கு. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கிருமிநாசினி விற்கும் க்ளோராக்ஸ் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கழிப்பறை இருக்கை வழவழப்பானது, சீக்கிரம் உலர்வது, அடிக்கடி கிருமிநாசினி போட்டுக் கழுவப்படுவது. கீபோர்டை யார் அப்படிக் கழுவுகிறார்கள்? எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே நோய் வந்துவிடும் என்றும் பொருள் இல்லை. அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை நம் விரலிலேயே குடியிருப்பவை.

விரலில் இருப்பவை ஆளுக்கு ஆள் மாறுபடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் நோவா ஃபியரர் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று பேரின் கீபோர்டுகளிலிருந்து விசை விசையாகப் பஞ்சில் ஒற்றி எடுத்து, அதிலிருந்த பாக்டீரியாக்களின் டிஎன்ஏவை அவரவர் விரல்நுனிகளோடு ஒப்பிட்டார்கள். எந்தக் கீபோர்டு யாருடையது என்று பாக்டீரியாக் கூட்டத்தை வைத்தே சொல்ல முடிந்தது. தோல் பாக்டீரியா அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வரை அதிகம் மாறாமல் நிற்பதையும் அதே குழு காட்டியது. ஒருவர் மட்டும் புழங்கும் கீபோர்டில் இருப்பது அவருடைய சொந்தக் கூட்டம்தான். ஆகவே கவலை வர வேண்டியது பல கை படும் இடத்தில்: பிரவுசிங் சென்டர், கல்லூரி ஆய்வகம், மருத்துவமனை வரவேற்பு மேசை, வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்திருக்கும் நாட்கள்.

மூடிக்குக் கீழே

விரல் படும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் கீழே இருப்பது பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்று.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டு மெம்பிரேன் வகை. மூடிக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ். அதற்கும் கீழே மூன்று மெல்லிய பாலியஸ்டர் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல்தாளிலும் அடித்தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு துளை. விசையை அழுத்தினால் குமிழ் மடங்கி மேல்தாளை அந்தத் துளை வழியாகக் கீழே தள்ளும். கோடும் கோடும் தொட்டதும் எழுத்து விழும். உலர்ந்த தூசி இந்தத் தாள்களுக்கு நடுவே சுலபத்தில் போகாது. அந்த வகையில் இது உறுதியானது. ஈரம் அப்படி அல்ல. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தாள்களின் நடுவிலுள்ள இடுக்கு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வர நாள்கணக்கில் ஆகும்.

விலை கூடிய மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சைத்தான் இன்றைக்கும் பல நிறுவனங்கள் பார்த்துச் செய்கின்றன. அதன் தண்டு 4 மில்லிமீட்டர் இறங்கும். சுமார் 2 மில்லிமீட்டரிலேயே உள்ளே இருக்கும் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுவிடும். தகடுகள் தொடும்போது ஒரே தொடுதலாகத் தொடுவதில்லை, நுண்ணிய அளவில் அதிர்ந்து விட்டுவிட்டுத் தொடும். இது சில மில்லிசெகண்டுகளில் அடங்கிவிடும் என்று கணக்கிட்டு, அதற்குள் வருவதை ஒரே அழுத்தமாகவே கீபோர்டின் சிப் எடுத்துக்கொள்ளும். தகட்டில் அழுக்கோ துருவோ சேர்ந்தால் அதிர்வு நீளும். ஒருமுறை அடித்தது இருமுறை விழும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வைப்பது அந்த முறையின் விதி. அதனால் ‘ட’ விசையில் அழுக்கு சேர்ந்தால் ‘படம்’ என்று அடித்தது ‘பட்டம்’ என்று விழும். எழுத்துப்பிழை திருத்தியும் அதைக் கண்டுகொள்ளாது.

மூன்றாவது, லேப்டாப்பின் கத்தரி வகை. மெல்லிய இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி மூடியைத் தாங்கி நிற்கும். அவற்றைப் பிடித்திருக்கும் கொக்கிகள் அரிசிக் குருணையைவிடச் சிறியவை. ஒன்று உடைந்தாலும் அந்த விசை ஆடிக்கொண்டே இருக்கும்.

எந்த வகையானாலும் கம்பி போடும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். 104 விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. கிடைவரிசை 8, நெடுவரிசை 18 என்று அமைத்தால் 26 கம்பிகளிலேயே 144 சந்திப்புகள் கிடைத்துவிடும். எந்தச் சந்திப்பு தொட்டது என்று சிப் இடைவிடாமல் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். பழுதை அடையாளம் காண இது உதவும். ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் அதன் அடியில் அழுக்கு இருக்க வாய்ப்பு உண்டு, சுத்தம் செய்தால் பிழைக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோலத் தெரியும் நாலைந்து விசைகள் ஒரே நேரத்தில் செத்துப்போனால், பெரும்பாலும் ஒரு கோடு முழுவதும் அறுந்திருக்கும். அதை எவ்வளவு துடைத்தும் பயன் இல்லை.

முதலில் உலர் வேலை

எதற்கும் முன் இணைப்பைப் பிடுங்குங்கள். வயர் உள்ளது என்றால் யுஎஸ்பி முனை. வயர் இல்லாதது என்றால் பேட்டரி செல். லேப்டாப் என்றால் முழுதாக அணைத்து சார்ஜரையும் கழற்ற வேண்டும். செல் கழற்றும்போது அதன் அறையையும் ஒரு பார்வை பாருங்கள். ஆல்கலைன் செல் கசிந்து முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். அந்தப் பொடி காரத்தன்மை உள்ளது, கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கவிழ்த்துத் தட்டுவது. அடுத்து பிரஷ். புதிய, சாயம் படாத அரை அங்குலப் பெயிண்ட் பிரஷ் இதற்கு அருமையான கருவி. வரிசைகளின் இடுக்கில் ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி பக்கத்து விசைக்குக் கீழே ஒதுங்கும். கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பந்து இருந்தால் சாய்வாகப் பிடித்து ஊதலாம். வாயால் ஊத வேண்டாம், எச்சிலும் ஈரமும் சேர்ந்து போகும். டப்பாவில் அடைத்து வரும் காற்றில் பெரும்பாலும் காற்றே இருப்பதில்லை. அழுத்தத்தில் திரவமாக இருக்கும் ஒரு வாயுதான் அதில் இருக்கிறது. டப்பாவைச் சாய்த்தோ கவிழ்த்தோ அடித்தால் அது கடுங்குளிர்ந்த திரவமாகவே பீய்ச்சும். சில வகை வாயு தீப்பிடிக்கவும் கூடும், பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள். வாக்யூம் கிளீனர் என்றால் அதன் வாயில் ஒரு பழைய சாக்ஸைக் கட்டிக்கொள்ளுங்கள். கழன்ற மூடி உள்ளே போய்விட்டால் பையைக் கிழித்துத்தான் தேட வேண்டியிருக்கும்.

கடையில் பச்சை, நீல நிறங்களில் ஒரு ஜெல் விற்கிறார்கள். விசைகளின் மேல் அமுக்கி எடுத்தால் தூசி ஒட்டிக்கொண்டு வரும். மேல் தூசிக்கு அது போதும். வெயில் காலத்தில் இளகிப்போன ஜெல்லையோ பலமுறை பயன்படுத்தி அழுக்கேறியதையோ அமுக்கினால், அதன் துணுக்கு இடுக்கிலேயே தங்கி புதுத் தூசிக்குப் பசையாகிவிடும்.

எதைத் தொட்டுத் துடைப்பது

பிசுக்குக்கு ஏற்றது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் பழுதுபார்ப்பவர்கள் சுருக்கமாக ஐபிஏ என்பார்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் கேட்டால் கிடைக்கும். எண்ணெயைக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகும், சுவடு விடாது. இதில் 70 சதவீதமும் 99 சதவீதமும் வரும். கிருமியைக் கொல்லக் குறைந்ததே சிறந்தது. அதிலிருக்கும் தண்ணீர் ஆல்கஹால் உடனே பறந்துவிடாமல் நிறுத்திவைக்கும், கிருமியின் புரதம் சிதையவும் துணைபோகும். மின்சுற்றுப் பக்கம் போகும்போது மட்டும் 99. மருந்துக்கடை ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் படியுங்கள், எண்ணெயோ வாசனைப் பொருளோ சேர்த்திருந்தால் வேண்டாம். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் கலப்பது வழக்கம், அது பிசுபிசுவென்று நின்றுவிடும்.

நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. பெரும்பாலான மூடிகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அசிட்டோன் பட்டால் அது கரைந்து குழையும். பிளீச், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம், தின்னர் எதுவும் வேண்டாம். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு என்றால் ஆல்கஹாலும் கவனம், ஸ்டிக்கரின் பசையை அது இளக்கிவிடும். அங்கே பிழிந்த ஈரத்துணி போதும்.

திரவத்தைத் துணியில் ஊற்ற வேண்டும், கீபோர்டின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. துணியைப் பிழிந்தால் சொட்டு விழாத அளவு ஈரம் போதும். விசையின் மேல்பக்கம் துணியால், பக்கவாட்டு இடுக்குகள் காது குடையும் பஞ்சுக்குச்சியால். பஞ்சு கறுத்ததும் மாற்றிவிடுங்கள், கறுத்ததாலேயே தொடர்ந்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர போகாது.

மூடியைக் கழற்றுவது

மெக்கானிக்கல் கீபோர்டில் மூடிகளைக் கழற்றிக் கழுவலாம். முதலில் செல்போனில் ஒரு படம். எஃப்12 எங்கே இருந்தது, பிரின்ட் ஸ்கிரீன் எங்கே இருந்தது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. மூடியை இழுக்கக் கம்பி வளையம் வைத்த புல்லர் உண்டு. மூடியின் இரு எதிர்மூலைகளில் கம்பியை மாட்டி, நேர் மேல்நோக்கி மெல்ல ஆட்டி இழுக்க வேண்டும். ஸ்குரூடிரைவரை ஒரு பக்கம் கொடுத்து நெம்பினால் சுவிட்சின் தண்டு ஒடியும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளின் கீழே ஒரு கம்பியோ துணைத் தண்டோ இருக்கும், ஓரத்தில் அழுத்தினாலும் விசை சாயாமல் இறங்குவதற்காக. திரும்ப மாட்டும்போது தகராறு செய்வது இவைதான். தெம்பு இல்லையென்றால் இவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கழற்றுங்கள்.

கழற்றியவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அரைமணி ஊறவையுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் கோணிப்போகும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, துண்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் முழுநாள் விட வேண்டும். மூடியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பள்ளம் தெரியும். தண்ணீர் கடைசிவரை தங்கியிருப்பது அங்கேதான். அது காயாமல் மாட்டினால் சொட்டு நேராகச் சுவிட்சுக்குள் இறங்கும். மொட்டைமாடி வெயில் சீக்கிரம் காயவைக்கும் என்று ஆசைப்பட வேண்டாம், வெளிர்நிற ஏபிஎஸ் புற ஊதாக் கதிரில் மஞ்சளடிக்கும்.

லேப்டாப் தனிக் கதை

லேப்டாப்பில் மூடியைக் கழற்றாமல் இருப்பதே நல்லது. ஒரு துகள் என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிளின் அனுபவமே சாட்சி. 2015இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் கத்தரிக்குப் பதிலாகப் பட்டர்ஃபிளை என்ற புது அமைப்பை வைத்தார்கள். உயரம் குறைந்தது, விசை ஆடாமல் நின்றது. ஆனால் அடியில் இடமே இல்லாததால் ஒரு தூசி புகுந்தாலும் விசை சிக்கியது, இல்லை ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது. லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்து இடமிருந்து வலமாகக் காற்று அடிக்கச் சொல்லி ஆப்பிள் படம் போட்டே விளக்கியது. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. 2019 இறுதியில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் கத்தரி அமைப்புக்கே திரும்பியது. இது தொடர்பான வழக்கில் 2022இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த 75 டிகிரி முறை எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும். சாய்த்து ஊதி, வலப்பக்கம் திருப்பி ஊதி, இடப்பக்கம் திருப்பி ஊதினால் துகள் வெளியேற வழி கிடைக்கும்.

டீ கொட்டிவிட்டால்

முதல் வேலை துடைப்பது அல்ல, மின்சாரத்தை நிறுத்துவது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்ட்டே கோட்பாட்டின்படி போதும். யுஎஸ்பி தருவது 5 வோல்ட். மின்சாரம் ஓடும்போது உள்ளே ஈரம் இருந்தால் கோடுகளின் உலோகம் அரிக்கத் தொடங்கும். வெறும் தண்ணீரைவிட உப்பும் அமிலமும் உள்ள பானங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் ‘வேலை செய்கிறதா’ என்று உடனே அழுத்திப் பார்ப்பது ஆபத்து.

வயர் உள்ள சாதாரண மெம்பிரேன் கீபோர்டில் சர்க்கரை போட்ட டீ கொட்டினால், இணைப்பைப் பிடுங்கிக் கவிழ்த்து வடியவிடுங்கள். பின்புறத் திருகுகளைக் கழற்றி மூடிகள் இருக்கும் மேல்சட்டத்தைத் தனியே கழுவலாம். தாள்களைப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் அச்சிட்ட கோடு போய்விடும். சில மாடல்களில் ரப்பர் குமிழ்கள் தனித்தனியாக இருக்கும். திறக்கும்போது நூற்றுச்சொச்சம் குமிழும் சிதறும், சட்டத்தைக் கவிழ்த்த நிலையிலேயே திறப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் காய்ந்தபின் இணைத்து, ஒரு வெற்று ஆவணத்தில் எல்லா விசைகளையும் வரிசையாக அடித்துப் பாருங்கள்.

லேப்டாப்பில் கொட்டினால் இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். கீபோர்டுக்கு நேர் கீழே மதர்போர்டும் பேட்டரியும் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பாதி திறந்த நிலையில் கவிழ்த்து மேசை விளிம்பில் நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் சர்க்கரை வெளியே வராது, அரிசித் தூள்தான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூடு மூடிகளை வளைக்கும், ஈரத்தை இன்னும் ஆழமாகத் தள்ளும்.

வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தட்டி, மாதம் ஒருமுறை ஆல்கஹால் துணியால் துடைத்தால் இவ்வளவு பாடு பெரும்பாலும் தேவைப்படாது. எல்லாம் முடித்த பிறகும் சில விசைகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும். ஆங்கிலம் அடிப்பவருக்கு இ, ஏ, ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் படும் ஒரே இடம். தமிழ்99 அடிப்பவருக்கு வலக்கை அடிக்கும் க, ப, ம, த. அதை அழுக்கென்று எண்ணித் தேய்க்காதீர்கள். சொரசொரப்பாக இருந்த ஏபிஎஸ் பரப்பு விரல் பட்டுப் பட்டு மழமழவென்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். எந்தத் திரவமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புக் கூடும். உறுத்தினால் பிபிடி பிளாஸ்டிக்கில் செய்த மூடிகளை வாங்கி மாட்டுங்கள். அது கடினமானது, பளபளப்பேற நெடுநாள் ஆகும்.